பதக்கத்தைப் பிறகு கேட்கலாம், முதலில் பறவையைக் கேளுங்கள்

பயணிகள் கப்பல் ஒன்றில் தினமும் மாலையில் வித்தை காட்டுகிற மந்திரவாதி ஒருவன். அந்தக் கப்பலின் கேப்டன் ஒரு கிளி வளர்த்தார். அந்தக் கிளி ஒரு வித்தையையும் விடாது. "சீட்டு சட்டைக் கைக்குள்ள இருக்கு", "புறா மேசைக்கு அடியில இருக்கு" என்று கூட்டத்தின் நடுவே போட்டு உடைத்துவிடும். ஒருநாள் கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. மிஞ்சியது ஒரே ஒரு பலகை. ஒரு முனையில் மந்திரவாதி, மறுமுனையில் கிளி. மூன்று நாள் கிளி வாய் திறக்காமல் அவனையே முறைத்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள் அதற்குப் பொறுக்கவில்லை. "சரிய்யா, தோத்துட்டேன். கப்பலை எங்க ஒளிச்சு வச்ச?"

உலகத்துத் துறைமுகங்களில் பல வாய் புகுந்து வந்த பழைய நகைச்சுவை இது. சிரித்து முடித்து நிதானமாக நினைத்துப் பார்த்தால், கப்பல் முழுகிய கதை. நடுக்கடலில் பலகையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் மிதப்பது கப்பல்காரர் எவரும் நினைத்துப் பார்க்கவே அஞ்சுகிற காரியம். அந்த அச்சத்தைத் தம் வாயால் சொல்லாமல் கிளியின் வாயால் சொல்லிவிட்டார்கள். கடலோடிகள் சொல்லும் பறவைக் கதைகளைக் கொஞ்சம் கிளறினால் உள்ளே பசியோ பயமோ வீட்டு நினைப்போ இருக்கும்.

சேலத்திலிருந்து கடலூர்க் கடற்கரைக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நாமக்கல்லில் தண்ணீர் என்றால் காவிரி, அதை விட்டால் போர்வெல். ஆனாலும் இந்தச் சமவெளியிலிருந்து கப்பலுக்குப் போனவர்கள் உண்டு. பதினெட்டு வயதில் கடற்படைக்குத் தேர்வாகிப் போய், பதினைந்து ஆண்டுகள் முடித்து ஊர் திரும்பியவர்கள். சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையிலும் சமையற்கட்டிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். திரும்பி வந்து காடு தோட்டம் பார்த்தார்கள், வங்கிக் காவலுக்குப் போனார்கள், சிலர் கோழிப்பண்ணை போட்டார்கள். முன்னாள் படைவீரர் கேன்டீன் வரிசையில் இரண்டு பழைய கப்பல்காரர்கள் அடுத்தடுத்து நின்றுவிட்டால் போதும். பில் போடுகிறவர் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கும். எந்த ஆண்டு, எந்தக் கப்பல், எந்த செராங், எந்தப் புயல் என்று பேச்சு ஓடும். பத்து நிமிடத்துக்குள் அதில் ஒரு பறவை வந்து உட்கார்ந்துவிடும்.

இந்தப் பேச்சு எங்கேயும் பதிவாகவில்லை. வீட்டில் கேட்பது இரண்டே கேள்வி. சண்டைக்குப் போனீங்களா? என்னென்ன சாமான் வாங்கிட்டு வந்தீங்க? முதலாவதுக்கு நிறையப் பேரிடம் சொல்லும்படி ஏதும் இருக்காது. இருப்பவர்களுக்கும் சொல்ல மனம் வராது. இரண்டாவதுக்குப் பதில் சொல்லி அவர்களுக்கே அலுத்துவிட்டது. 1971 போரின்போது இருபது வயதில் இருந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தொட்டவர். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் கல்லூரிகள் இப்போதே நாற்காலி போட்டு உட்கார்ந்து இவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். அதையும் பறவையிலிருந்து தொடங்க வேண்டும்.

பறவை ஏன்? கரை மறைந்த பிறகு கப்பலுக்கு வருகிற ஒரே விருந்தாளி அதுதான். வடகிழக்கு ஆசியாவில் குஞ்சு பொரிக்கும் அமூர் வல்லூறு குளிர்காலத்துக்குத் தென் ஆப்பிரிக்கா போகிறது. வழியில் நாகாலாந்தில் இளைப்பாறி, இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலை ஒரே மூச்சில் தாண்டுகிறது. 2013 முதல் நாகாலாந்தில் செயற்கைக்கோள் கருவி கட்டி அனுப்பிய வல்லூறுகள் இதை உலகுக்குக் காட்டின. கருவி எதுவும் வருவதற்கு முன்பே, அந்தக் கடலில் போன மாலுமிக்குச் சோர்ந்துபோய்த் தளத்தில் வந்து விழும் பறவையைத் தெரியும். எந்த மாதம், எந்தத் திசையிலிருந்து, எத்தனை என்று அவர் சொல்லக்கூடும். குலசேகர ஆழ்வார் தம் பாசுரம் ஒன்றில் கரை காணாமல் கப்பலின் பாய்மரத்துக்கே திரும்பி வரும் பறவையைத் தம் நிலைக்கு உவமையாக்கினார். அந்தக் காட்சியைக் கண்ணால் கண்டவர்கள் பரமத்தி வேலூர்ப் பக்கமும் இருக்கலாம். அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

பறவையும் கப்பலும் சேர்ந்த கதையில் நம் ஊர்க் காகத்துக்குத்தான் முதல் மரியாதை. இலங்கை மாலுமிகள் நட்சத்திரம் பார்ப்பதில்லை, பறவைகளைக் கூடவே கொண்டுபோய்ப் பறக்கவிட்டு அவை போகும் பக்கம் கரை என்று கப்பலைத் திருப்புகிறார்கள் என்று ரோமானிய அறிஞர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். புத்த ஜாதகக் கதைகளில் பாவேரு ஜாதகம் என்று ஒன்று உண்டு. இந்திய வணிகர்கள் திசை பார்க்கும் காகத்தோடு பாவேரு நாட்டில் இறங்குகிறார்கள். பாவேரு என்பது பாபிலோன் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பறவையே பார்த்திராத அந்த ஊர் ஜனங்கள் காகத்தின் கழுத்தையும் அலகையும் கண்டு வியந்து, நூறு காசு கொடுத்து வாங்கி, தங்கக் கூண்டில் வைத்துக் கறியும் பழமும் ஊட்டுகிறார்கள். அடுத்த பயணத்தில் அதே வணிகர்கள் சொடுக்குப் போட்டால் அகவி, கை தட்டினால் ஆடுகிற மயில் ஒன்றைக் கொண்டுபோய் ஆயிரம் காசுக்கு விற்கிறார்கள். காகத்தை அதன்பின் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அது குப்பைமேட்டுக்கே போய்விடுகிறது. அறம் சொல்லத்தான் இந்தக் கதை ஜாதகத்தில் சேர்ந்தது. ஆனால் வெளியூர்க்காரனிடம் காகத்தையே விற்றுவிட்டு வந்தோம் என்கிற குறும்பைக் கப்பல்காரனைத் தவிர வேறு யார் முதலில் சொல்லியிருப்பார்கள்?

நிஜத்தில் காகம் இன்னும் தூரம் போயிருக்கிறது. 1890களில் சான்சிபாருக்குக் கொண்டுபோனார்கள். பயிர்ப் பூச்சியைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானில் இறக்கினார்கள். மற்ற இடங்களுக்கு அது தானாகவே கப்பலேறிப் போனது. கப்பல் சமையல்காரரான பண்டாரி கொட்டுகிற சோற்றையும் மீன்தலையையும் நம்பிச் செங்கடல் துறைமுகங்கள், மொம்பாசா, டர்பன் என்று பரவியது. 1994இல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலண்ட் துறைமுகத்தில் இரண்டு வீட்டுக் காகங்கள் இறங்கி, சில ஆண்டுகளில் அந்தக் குளிரிலும் கூடு கட்டின. 2024இல் கென்ய அரசு தன் கடற்கரையில் பெருகிவிட்ட இந்தியக் காகங்களில் 10 லட்சத்தை ஒழிக்கப்போவதாக அறிவித்தது. இதை அறிவியல் கட்டுரையில் படிக்கலாம். காகம் கப்பலில் எந்த மூலையில் ஒண்டியது, யார் விரட்டினார், யார் இரக்கப்பட்டுச் சோறு வைத்தார் என்பது அந்தக் கப்பலில் இருந்தவருக்கு மட்டுமே தெரியும்.

கொங்குப் பக்கத்தில் அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்காமல் வீட்டில் யாரும் இலை முன் உட்கார மாட்டார்கள். அந்த வீட்டுப் பேரன், "கடல்ல காக்கா இருக்குங்களா அப்புச்சி?" என்று கேட்டால், "ஊர்ல நாம காக்காய்க்குச் சோறு வெக்கறோம். கடல்ல காக்கா வந்துட்டா நமக்குச் சோறு வந்துருச்சுன்னு அர்த்தம்" என்று ஒரு பழைய மாலுமி சொல்லக்கூடும். கரை கிட்டத்தில் இருக்கிறது, நாளைக்குப் புதுக் காய்கறி ஏறும், கடிதம் வரும். அத்தனையும் அந்த ஒரு வரிக்குள் வந்துவிடும்.

அடுத்தது கோழி. இங்கே நாமக்கல்லுக்குத் தனி உரிமை உண்டு. கோழியைப் பற்றி எந்த ஊரில் யார் கதை சொன்னாலும் அதில் எது பொய், எது மெய் என்று சொல்ல நாமக்கல்லை விட்டால் நாட்டில் வேறு ஊர் கிடையாது.

கி.மு. 249இல் சிசிலித் தீவின் டிரெபானா அருகே ரோமானியக் கடற்படை போருக்கு நின்றது. தளபதி பப்ளியஸ் கிளாடியஸ் புல்கர். அந்தக் காலத்து வழக்கப்படி கப்பலில் புனிதக் கோழிகள் இருந்தன. அவை ஆவலோடு தீனி கொத்தினால் நல்ல சகுனம், போர் தொடங்கலாம். அன்று அவை கொத்தவில்லை. தளபதிக்கு ஆத்திரம் வந்தது. தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று சொல்லி எல்லாவற்றையும் கடலில் வீசச் செய்தாராம். அன்றைய போரில் 90க்கும் மேற்பட்ட கப்பல்களை இழந்து, ரோமில் விசாரணைக்கு நின்று அபராதமும் கட்டினார். இதைப் பண்ணைக்காரர் யாரிடம் சொன்னாலும் முதலில் கோழிகள் ஏன் தீனி எடுக்கவில்லை என்று கேட்பார். கூண்டில் அடைத்து, ஆடுகிற கப்பலில் நாள்கணக்கில் வைத்திருந்தால் எந்தக் கோழி தீனி எடுக்கும்? லோடு ஏற்றி இறக்கிய பிறகு கோழி அரண்டுபோய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்பதை அவர் தினமும் பார்க்கிறவர். இரண்டாயிரம் ஆண்டுகளாக வரலாற்றாசிரியர்கள் சகுனக் கதையாகச் சொல்லிவந்ததில் அவர் பயண அலுப்பைக் கண்டுபிடித்துவிடுவார்.

குளிர்பதன வசதி வருவதற்கு முன்பு நெடுந்தூரக் கப்பல்களின் தளத்தில் கோழிக்கூண்டு கட்டாயம் இருந்தது. முட்டை அங்கேயே கிடைத்தாக வேண்டும். கப்பல் உடைந்தால் மரக்கூண்டு மிதக்கும். கோழியும் பன்றியும் அதிலேயே கரை ஒதுங்கும். அதைப் பார்த்த மேலைநாட்டு மாலுமிகள் ஒரு காலில் சேவலையும் மறுகாலில் பன்றியையும் பச்சை குத்திக்கொண்டார்கள், தண்ணீரில் சாவு வராது என்கிற நம்பிக்கையில். நம் காலத்திலும் பிரான்சின் கிரெக் சூதே என்கிற இளைஞர் மோனிக் என்ற கோழியைத் துணைக்கு வைத்துக்கொண்டு பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடந்தார். கிரீன்லாந்துப் பனியில் படகு மாதக்கணக்கில் உறைந்து நின்றபோதும் அது முட்டை இட்டது. லேயர் பண்ணையில் விளக்கு நேரம் கொஞ்சம் குறைந்தாலே முட்டை குறைவதைக் கண்டவர்கள், துருவத்துக் குளிர்கால இருட்டில் அந்தக் கோழி எப்படி இட்டது என்று ஆர்வமாக விசாரிப்பார்கள்.

இன்று தலைகீழ். கோழி கப்பலேறுவதில்லை, நாமக்கல் முட்டை ஏறுகிறது. குளிரூட்டிய கன்டெய்னரில் தூத்துக்குடியிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகிறது. முப்பது முட்டை அட்டையில் அடுக்கும் பண்ணைத் தொழிலாளிக்கு அந்தக் கப்பலின் ஆட்டம் தெரியாது. கப்பலில் முட்டை உடைத்தவருக்குத் தெரியும். "ஆஃப்பாயில் கேட்டான். நான் ஆஃப்பாயில்தான் போட்டேன். தட்டு அவன் கைக்குப் போறதுக்குள்ள அலை அதை ஆம்லெட் ஆக்கிருச்சு" என்று ஒரு சமையல்காரர் சொன்னால் சிரிக்கிறோம். சுடுகிற எண்ணெயும் சரிகிற அடுப்பும் கட்டிவைத்த சட்டியுமாக ஒரு மனிதர் எழுபது பேருக்குக் காலைச் சாப்பாடு போட்ட பாடு அந்தச் சிரிப்புக்கு உள்ளே இருக்கிறது.

சாப்பாட்டுப் பேச்சை அற்பம் என்று தள்ளிவிட முடியாது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் எச்.எம்.ஐ.எஸ். தல்வார் என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்தில் மாலுமிகள் சாப்பிட மறுத்து எழுந்தார்கள். மோசமான உணவும், ஆங்கில அதிகாரிகளின் வசவும், உள்ளே மூண்டிருந்த விடுதலை உணர்வும் சேர்ந்த எழுச்சி அது. சில நாட்களில் 78 கப்பல்களுக்கும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளுக்கும் பரவியது, சென்னையிலும் எதிரொலித்தது. அதில் முன்னின்ற பி.சி. தத் என்ற மாலுமி கால் நூற்றாண்டுக்குப் பிறகு உட்கார்ந்து புத்தகமாக எழுதினார். அதனால்தான் அந்தச் சோற்றின் ருசி நமக்குத் தெரிகிறது. எழுதாமல் போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

இனி நம் கடற்படையின் விமான தளங்களைப் பாருங்கள். கொச்சியில் ஐ.என்.எஸ். கருடா, கோவாவில் ஹன்சா, மும்பையில் ஷிக்ரா, அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து, நிக்கோபாரின் கேம்பல் பேயில் பாஸ். எல்லாம் பறவைகள். ராஜாளியிலிருந்து பறக்கும் கண்காணிப்பு விமானப் படைப்பிரிவுக்கு ஆல்பட்ராஸ் என்று பெயர். இவை எதுவும் தண்ணீரில் மிதப்பதில்லை. தரையில் இருக்கும் தளங்களையும் கப்பல் பெயரோடு அழைப்பது கடற்படை மரபு. இந்த மரபு தெரியாத திருச்செங்கோட்டு மாமனாரிடம் போய், "முதல்ல கருடால இருந்தனுங்க, அப்புறம் ஹன்சா, கடைசியா ராஜாளிங்க மாமா" என்று சொன்னால், "பெருமாளுக்கு அப்புறம் கருடன் மேல ஏறினது எங்க மாப்பிள்ளைதான். ஆமா, கப்பல்ல எப்பங்க மாப்பிள்ளை போனீங்க?" என்று கேட்கத்தானே செய்வார்?

கோவாவில் இருக்கிற ஹன்சா பிறந்தது கொங்கு மண்ணில். 1961இல் அது தொடங்கப்பட்டது கோயம்புத்தூரை அடுத்த சூலூரில். கோவா விடுதலையான பிறகுதான் அரபிக்கடல் ஓரத்துக்கு இடம் மாறியது. விக்ராந்த் கப்பலிலிருந்து 1971 டிசம்பரில் பறந்த சீ ஹாக் விமானங்களுக்கு ஹன்சாதான் கரைவீடு. கடலே இல்லாத சீமையில் கடற்படையின் அன்னம் குஞ்சு பொரித்த இந்தச் செய்தியைச் சேலம், நாமக்கல் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? அங்கே வேலை பார்த்த கீழ்நிலைப் பணியாளர்களின் நினைவுகளைத் தேடினால் கிடைப்பது அரிது.

நகைச்சுவையை நம்பி வரலாறு எழுதலாமா, கிழவர்கள் கூட்டிச் சொல்வார்களே என்று பேராசிரியர்கள் தயங்கலாம். கூட்டத்தான் செய்வார்கள். தேதியையும் துறைமுகத்தையும் ஆவணத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். கப்பலின் நாட்குறிப்பில் காற்றும் வேகமும் திசையும் இருக்கும். இரண்டு மணிக் காவலில் சுக்கானிக்குத் தூக்கம் வராமல் இருக்க யார் எந்தக் கதையைச் சொன்னார் என்பது அதில் ஏறாது. லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் 1972இலேயே ஒலிப்பதிவுக் காப்பகம் தொடங்கி, தளபதிகளோடு சாதாரண மாலுமிகளையும் பேசவைத்துச் சேர்த்தது. இன்றைக்கு அங்கே போரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் குரல்களைக் கேட்காமல் எழுதுவதில்லை.

பறவையிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. படையில் இருந்தவர்கள் ரகசியக் காப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆயுதம், தூரம், வேகம் என்று கேட்டால் வாய் மூடிக்கொள்வார்கள், அது சரியும்கூட. தளத்தில் வந்து விழுந்த கொக்கைப் பற்றிச் சொல்ல எந்தத் தடையும் கிடையாது. வேறு சிலருக்குத் தடை மனதில் இருக்கிறது. 1971 டிசம்பர் 9 இரவு ஐ.என்.எஸ். குக்ரி அரபிக்கடலில் மூழ்கியபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். அந்த நாட்களில் கடலில் இருந்த ஒருவரிடம் எடுத்த எடுப்பில் அதைக் கேட்பது கொடுமை. கோழியும் காகமுமாகப் பேசிக்கொண்டிருந்தால் அவர் விரும்புகிற நேரத்தில் அவரே அங்கே வந்து சேர்வார். வராவிட்டாலும் குறையில்லை.

சரக்குக் கப்பல்காரர்கள் நிலை இன்னும் மோசம். கடற்படையில் இருந்தவரின் முகவரி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, கேன்டீன் அட்டை இருக்கிறது. வணிகக் கப்பலில் எண்ணெய் துடைத்தவருக்கு இது எதுவும் இல்லை. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜுலா கப்பலில் மலாயாவுக்குப் போன தமிழர் குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்த சிறுபிள்ளைகளும் இன்று முதியவர்கள். அவர்களும் கடலைக் கண்டவர்களே. அவர்களையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

வேலை பெரிதல்ல. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் நாமக்கல் அரசுக் கல்லூரிகளிலும் தமிழ், வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு இதை ஒரு பருவத்தின் செய்முறைத் தாளாக வைக்கலாம். செல்போனில் ஒலிப்பதிவு போதும். பேச்சைத் திருத்தக் கூடாது. "இருக்குதுங்க", "போச்சுதுங்க" என்று சொன்னால் அப்படியே எழுத வேண்டும். கொங்குத் தமிழில் கடல் பேசினால் எப்படி இருக்கும் என்பது நமக்கு இதுவரை வாய்க்காத ஒன்று. சாண்டில்யனின் கடல் புறாவைக் குமுதத்தில் வாராவாரம் காத்திருந்து படித்த தலைமுறை இது. பறவையின் பெயர் தாங்கிய கற்பனைக் கப்பலுக்கு மூன்று பாகம் இடம் கொடுத்த தமிழ், நிஜக் கப்பலில் பாசி சுரண்டியவருக்குச் சில பக்கங்களாவது தர வேண்டும்.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கரையில் இருக்கிறது ஐ.என்.எஸ். சில்கா. கடற்படையில் மாலுமியாகச் சேருகிறவர்களுக்கு முதல் பயிற்சி அங்கேதான். குளிர்காலத்தில் லட்சக்கணக்கான வலசைப் பறவைகள் இறங்கும் ஏரி அது. 2023 மார்ச்சில் அக்னிவீரர்களின் முதல் அணி அங்கே பயிற்சி முடித்தபோது அதில் 273 பெண்கள் இருந்தார்கள். இனி சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் பேத்திகள் அந்த ஏரிக்கரைக்குப் போகலாம். தாத்தா ஓடிப் பயிற்சி எடுத்த மைதானத்தில் விடியற்காலையில் எந்தப் பறவை கத்தியது என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்ப ஆள் இருக்கிறார். இப்போதைக்கு இருக்கிறார்.

டிசம்பர் 4 கடற்படை நாள். அன்று கல்லூரி அரங்கில் மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடாமல், மரத்தடியில் நாற்காலி போட்டு மூன்று கேள்வி கேட்கலாம். உங்க கப்பல்ல வந்து உட்கார்ந்த பறவை எதுங்க? ராத்திரிக் காவல்ல உங்களைச் சிரிக்க வெச்ச ஆள் யாருங்க, என்ன சொன்னாருங்க? கப்பல்ல முட்டை எப்படிங்க இருந்துச்சு? நாமக்கல்லில் கேட்பதானால் மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். பதில் சொல்கிறவரை இடைமறித்துக் கேட்கப் பண்ணைக்காரர்கள் நாலு பேராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.